ஐந்து மாதம் அல்ல, பத்தொன்பது வருடம்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் உத்தமபாளையம் நவாஸ் அவர்களே, கடமலைக்குண்டு ஊர்ப் பெரியவர்களே, பக்கத்து மில்களிலிருந்து வந்திருக்கும் தோழர்களே, ஓடைப்பட்டியிலிருந்தும் வடுகபட்டியிலிருந்தும் இரண்டு பஸ் மாறி வந்து, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் என் சகோதரிகளே, முன்வரிசையில் இருக்கும் தோழர் நாகஜோதியின் கணவர், மாப்பிள்ளை கர்ணன், அவள் மகள் சினேகா, உங்கள் எல்லோருக்கும் ஈஸ்வரபாண்டியின் வணக்கம்.

பேசக் கூப்பிட்டபோது தலைவர் என் காதருகே வந்து, "அண்ணே, சுருக்கமாப் பேசுங்க. ரொம்பக் கோவப்படாதீக, ஒங்களுக்கு பிரஷர் இருக்கு" என்றார். சுருக்கமாகப் பேசப் பார்க்கிறேன். கோபப்படாமல் இருக்க என்னால் ஆகாது. கோபப்படாமல் போவதற்கு நான் கல்யாண வீட்டுக்கா வந்திருக்கிறேன்?

என் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. நம் சங்கத் துணைத் தலைவர், தோழர் நாகஜோதி இறந்த மறுநாள் காலை மில் நோட்டீஸ் போர்டில் ஒட்டியது. வாசிக்கிறேன், கேளுங்கள். "நமது ஆலையில் ஐந்து மாத காலமாகப் பணியாற்றி வந்த திருமதி க. நாகஜோதி அவர்களின் மறைவுக்கு நிர்வாகம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது. அன்னாருக்கு மரியாதை செலுத்தும் வகையில் இன்று இரண்டாம் ஷிப்டு இயங்காது. அந்த ஷிப்டு வரும் ஞாயிற்றுக்கிழமை ஈடுசெய்யப்படும்."

ஐந்து மாதம்! கேட்டீர்களா? ஐந்து மாதமாம்! கைக்குழந்தையாக இருந்த சினேகாவை அக்காள் வீட்டில் விட்டுவிட்டு 2007-இல் நூல் நூற்கும் ரிங் பிரேம் மிஷின் முன்னால் வந்து நின்றவள் நாகஜோதி. அன்று முதல் அறுந்த இழையை ஒட்டினாள், ஒட்டினாள், ஒட்டிக்கொண்டே இருந்தாள். பத்தொன்பது வருடம்! அந்த மில்லுக்கு மூன்று மேனேஜர்கள் வந்து போனார்கள், மிஷின்கள் இரண்டு முறை மாறின, நாகஜோதி மாறவில்லை. அவள் இறந்த பிறகு ஒட்டிய காகிதத்தில் அவளுக்கு ஐந்து மாதம் என்று எழுத எந்தக் கைக்குத் தைரியம் வந்தது? அதோடு விட்டார்களா? சாவுக்கென்று விட்ட அந்த ஒரு ஷிப்டைக்கூட போன ஞாயிற்றுக்கிழமை உங்களை வரவழைத்துத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். போனீர்கள். போகாமல் என்ன செய்வீர்கள்? உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

மில் பெயரை நான் சொல்லப் போவதில்லை. நாகஜோதியின் படம் இருக்கிற மேடையில் அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு மனசில்லை. அவர்கள் அனுப்பிய மாலை வாசலில் கிடக்கிறது, பார்த்திருப்பீர்கள். கொண்டுவந்த ஆளிடம் சினேகா, "அம்மாவோட பத்தொம்பது வருசத்தக் கொண்டாங்க, மாலையை உள்ள விடுறேன்" என்று சொல்லிவிட்டாள். இருபது வயசுப் பிள்ளை. அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாள்.

அந்த ஐந்து மாதம் எங்கிருந்து வந்தது? இந்தக் கூடத்தில் என்னைவிட நன்றாக அதைச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. ஏனென்றால் 2022-இல் ஓய்வு பெறும்வரை அந்த மில்லின் டைம் ஆபீஸில் உட்கார்ந்து அப்படி எழுதிக்கொண்டிருந்தவன் நான்தான். ஆமாம், நான்தான். பக்கத்து மில் தோழர்கள் சிலருக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்த பிறகு என்னைக் கீழே இறங்கச் சொன்னால் இறங்கிவிடுகிறேன்.

சட்டம் என்ன சொல்லிற்று? இருபது நாள் வேலை பார்த்தால் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. ஆனால் அந்த வருடத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்திருந்தால்தான் அது கிடைக்கும். வருடத்துக்கு முந்நூறு நாள் உழைக்கிற ஜனம் நாம். எல்லோருக்கும் கிடைத்திருக்க வேண்டும் அல்லவா? கிடைத்ததா? ஒருத்தருக்காவது கிடைத்ததா? வீரபாண்டித் திருவிழா முடிந்து வைகாசி பிறந்ததும் நம் மில்லில் என்ன நடக்கும்? புது டோக்கன் கொடுப்பார்கள். என் மேசைமேல் சந்தனம், குங்குமம், ஒரு தட்டில் லட்டு. பழைய டோக்கனைப் போட்டுவிட்டுப் புது நம்பர் போட்ட டோக்கனை வாங்கிக்கொண்டு போவீர்கள். இப்போது டோக்கன் போய் அட்டை வந்துவிட்டது, ஆனாலும் பெயர் டோக்கன்தான். புது நம்பர் என்றால் ரிஜிஸ்டரில் புது ஆள். ஜனவரியிலிருந்து வேலை பார்த்த நூற்றுப் பத்து நாள் ஒரு நாகஜோதிக்கு. வைகாசிக்குப் பிறகு வேலை பார்க்கிற நூற்றுத் தொண்ணூறு நாள் இன்னொரு நாகஜோதிக்கு. இரண்டு பேரில் ஒருத்திக்கும் இருநூற்று நாற்பது வராது. ஒருத்திக்கும் லீவு கிடையாது. இவ்வளவுதான் சூட்சுமம்.

நாம் என்ன செய்தோம் தெரியுமா? அந்தப் புது டோக்கனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம்! அம்மன் திருவிழா முடிந்து கைக்கு வருகிற நம்பர், நல்ல நம்பர் என்று நினைத்தோம். ஒரு வருடம் டோக்கன் அடித்து வரப் பத்து நாள் தாமதமானது. பெண்கள் எல்லாம் என் ஜன்னலில் வந்து நின்று, "என்னண்ணே, வைகாசி பொறந்து இம்புட்டு நாளாச்சு, இன்னும் டோக்கன் வரல? இந்த வருசம் எங்களுக்கு ஆகாதா?" என்று கேட்டீர்கள். நம் கழுத்துக்குக் கயிற்றை நாமே போய்க் கேட்டு வாங்கினோம்! நாகஜோதியும் கேட்டவள்தான். "அண்ணே, கூட்டுனா ஒம்பது வர்ற மாதிரி ஒரு நம்பரு எடுத்து வைங்கண்ணே. போன வருசம் எட்டு வந்து வீட்டுல ஒரே சண்டை" என்பாள். நானும் தேடி எடுத்து வைப்பேன். தங்கச்சிக்கு உதவி செய்கிறோம் என்ற சந்தோஷம் வேறு எனக்கு. வெட்கக்கேடு!

2018-இல் சினேகாவுக்கு டெங்கு. தேனி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு நாகஜோதி லீவு கேட்டு வந்தாள். லீவு இல்லை என்றார்கள். நேராக என் ஜன்னலுக்கு வந்தாள்.

"அண்ணே, நான் வேலைக்குச் சேந்தது எப்ப?"

ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொன்னேன், "இந்த வருசம் வைகாசி."

"பால்குடி மறக்காத பிள்ளைய விட்டுட்டு வந்தேன். அது இப்ப ஏழாப்புப் படிக்கிது. நான் வைகாசியில சேந்தேனா?"

நான் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். "இது ஒங்க கையெழுத்துதான?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். திரும்பி நடந்துவிட்டாள். நாலு வசவு வைதிருந்தால்கூட எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கியிருக்கும்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தாள். மில் வேன் ஒவ்வொன்றிலும் ஏறி, ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள், "ஏ ஆத்தா, நீ எந்த வருசம் சேந்த?" ஒருத்தி 2003 என்றாள், ஒருத்தி 2011 என்றாள். "மில்லுல கேட்டா நாம எல்லாரும் வைகாசியில பொறந்தவளுகளாம்டீ. போய்க் கேட்டுப் பாருங்க" என்றாள். முதலில் சிரித்தார்கள். பிறகு கேட்டுப் பார்த்தார்கள். அப்படித்தான் நம் மில்லில் சங்கம் வந்தது. யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்கவில்லை. நவாஸ் தம்பியே சொல்லட்டும், உத்தமபாளையத்தில் அவர் வீட்டைத் தேடிப் போய், "எங்க மில்லுல கொடி ஏத்த வருவீகளா, மாட்டீகளா?" என்று கேட்டவள் அவள்தான்.

2019 வைகாசியில் நாற்பத்தொரு பெண்கள் புது டோக்கன் வேண்டாம் என்றார்கள். நான் மேசைக்கு இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம். நிர்வாகம் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. புது டோக்கன் இல்லாதவர்களை வேனில் ஏற்றாதே என்று டிரைவர்களிடம் சொல்லிவிட்டது, அவ்வளவுதான். வருசநாட்டுப் பக்கத்திலிருந்து ஷிப்டுக்கு எப்படி நடந்து வருவது? மூன்றாம் நாள் பத்துப் பேர் வாங்கினார்கள், ஐந்தாம் நாள் முப்பது பேர். ஒன்பதாம் நாள் நாகஜோதி தனியாக வந்து நின்றாள். வாங்கினாள். குங்குமத்தைத் தொடவில்லை, லட்டையும் தொடவில்லை. முன்னால் வாங்கியவர்களை அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "அவளுக வீட்டுல அடுப்பு எரியணும்ல" என்பாள். அந்தப் பெரிய மனசு எத்தனை பேருக்கு வரும்?

இனி என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெற்ற மாதம், மனசு கேட்காமல், இங்கே கடமலைக்குண்டில் அவள் வீட்டுக்கு வந்தேன். "தங்கச்சி, தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். அவள் காபி போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்துக் கேட்டாள், "மன்னிப்புக் கேக்க வந்தீகளாண்ணே, சாட்சி சொல்ல வந்தீகளா? மன்னிப்புன்னா காபியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க. சாட்சின்னா இருங்க, ஒல வைக்கிறேன்."

நான் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஏன்? என் மகன் லிங்கேஸ்வரன் அந்த மில்லில் எலக்ட்ரீஷியன். அப்போதுதான் அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். வாயைத் திறந்தால் அவன் வேலை போகும். அதுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. நாகஜோதி அதற்குப் பிறகும் வழியில் பார்த்தால் "அண்ணே, நல்லா இருக்கீகளா?" என்று கேட்பாள். சாட்சியைப் பற்றி மறுபடி ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

சென்ற கார்த்திகையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் நமக்கு ஒவ்வாத பிரிவுகள் ஏராளம். அதற்காகத் தெருவில் நின்றவர்கள் நாம், அதை இன்னொரு நாள் பேசுவோம். ஆனால் லீவு விஷயத்தில் ஒன்று நடந்தது. இருநூற்று நாற்பது நாள் என்பது நூற்று எண்பது நாள் ஆனது. வருடத்தில் நூற்று எண்பது நாள் வேலை பார்த்தால் போதும், இருபது நாளுக்கு ஒரு நாள் லீவு உண்டு. நாகஜோதி சொந்தக் கையால் கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு கேட் கூட்டத்துக்கு வந்தாள். "அடியே, கணக்குப் போட்டுப் பாத்தீகளா? வைகாசியில டோக்கன மாத்துனாலும் டிசம்பர் முடிய நூத்தித் தொண்ணூறு நாளு வருதுல்ல! ஒரே டோக்கனுக்குள்ளயே லீவு வந்துருதுல்ல! ஒம்பது நாளுடீ!" என்று குதித்தாள். நான் கேட் ஓரத்தில் டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னையும் கூப்பிட்டுக் கேசரி கொடுத்தாள். ஒன்பது நாளும் என்ன செய்வாய் என்று கேட்டேன். "மொத நாளு தூங்குவேண்ணே. விடிஞ்சு, மதியம் ஆயி, பொழுது சாயிற வரைக்கும் தூங்குவேன். சம்பளத்தோட தூங்குனா எப்படி இருக்கும்னு பாக்கணும்ல!" என்று சிரித்தாள். பத்தொன்பது வருடத்தில் சம்பளத்தோடு ஒரு நாள் தூங்கிப் பார்க்க ஆசைப்பட்டாள் ஒரு தொழிலாளி. இது பேராசையா? சொல்லுங்கள், இது பேராசையா?

மில் சும்மா இருந்ததா? ஆடி மாதம் நோட்டீஸ் வந்தது. இனிமேல் வருடத்துக்கு இரண்டு டோக்கன்! வைகாசியில் ஒன்று, ஆயுத பூஜையன்று ஒன்று. இந்த முறை லட்டோடு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸும் உண்டு. சட்டம் இருநூற்று நாற்பதை நூற்று எண்பதாகக் குறைத்தால், இவர்கள் ஒரு ஆளை இரண்டு ஆளாக்கியது போதாதென்று மூன்று ஆளாக்குவார்களாம். நூற்று எண்பதை நூறாகக் குறைத்தால் என்ன செய்வார்கள்? தீபாவளிக்கு ஒன்று, கார்த்திகைக்கு ஒன்று, நமக்கு எத்தனை பண்டிகை இருக்கிறதோ அத்தனை டோக்கன்! கடைசியில் தினமும் காலையில் கேட்டில் நாம் புதிதாகப் பிறக்க வேண்டியதுதான்.

ஆவணியில் நாகஜோதிக்கு மார்வலி. தேனி டாக்டர் பார்த்துவிட்டு, உடனே மதுரை போய் மூன்று நாள் தங்கி இருதயத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றார். அவள் மேனேஜரிடம் போனாள். ஜனவரியிலிருந்து கணக்குப் பார்த்தால் அன்றைக்கே நூற்று எண்பது நாளைத் தாண்டியிருந்தாள். மூன்று நாள் லீவு கேட்டாள், தன் லீவைக் கேட்டாள். "ஒனக்கு இன்னும் லீவு சேரலையேம்மா. ஆயுத பூஜை கழியட்டும், பாப்போம்" என்றார் மேனேஜர். ஈ.எஸ்.ஐ.க்கு எழுதிக் கேட்டாள். மில் கொடுத்த காகிதத்தில் போன வருட டோக்கன் நம்பர் இருந்ததால் அதைத் திருத்தி வாங்க மறுபடி மில்லுக்கே நடந்தாள். திருத்துகிறோம், திருத்துகிறோம் என்றே ஒரு மாதம் போனது.

சம்பளம் போனால் போகட்டும், சொல்லாமல் கொள்ளாமல் மதுரை போய் வா என்று மாப்பிள்ளை கர்ணன் கெஞ்சினார். கர்ணன் சும்மா இருந்துவிட்டார் என்று ஊரில் யாராவது பேசினால், அந்த வாயை மூடுங்கள். அவள் அவருக்குச் சொன்ன பதிலை அவரே எனக்குச் சொன்னார். "மூணு நாளு ஆப்சென்ட் விழுந்தா என் பேரை அடிச்சிருவாக. திரும்பிப் போனா புது ஆளாத்தான் எடுப்பாக. டோக்கன வாங்காதீகன்னு ஊரு பூராச் சொல்லிட்டு, மொத டோக்கன நானே வாங்கவா? ஆயுத பூஜை முடியட்டும். இந்தத் தடவ ஒருத்தியும் வாங்க மாட்டா. அதுக்கப்புறம் என் லீவுல நான் போறேன்."

அவள் போகவில்லை. பத்து நாளைக்கு முன்னால், வியாழக்கிழமை, முதல் ஷிப்டு முடிந்து வேனில் ஏறி, இருளம்மாள் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அதோ, தூண் ஓரத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறதே, அந்த இருளம்மாள். சாவு வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது: "என் தோள்ல சாஞ்சாண்ணே. பாவம், அசந்து தூங்குறா, எழுப்பக் கூடாதுன்னு அசையாம உக்காந்திருந்தேண்ணே. எங்க ஊரு வந்தும் எழுப்பல, அடுத்த நிப்பாட்டம் வரைக்கும் உக்காந்திருந்தேன்."

இருளம்மா, நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், நீ எந்தத் தப்பும் செய்யவில்லை! நாற்பத்து நான்கு வயசில் நாகஜோதி செத்தது இருதயத்தால் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். எழுதட்டும். ஒன்பது நாள் லீவு சேர்ந்திருந்தும் மூன்று நாள் கொடுக்காததால் செத்தாள் என்று நான் சொல்கிறேன். சட்டத்தில் நாள் குறைந்தும் பலன் கைக்கு வராததால் செத்தாள் என்று சொல்கிறேன். பதினைந்து வருடம் ஒருவன் சந்தனம் குங்குமம் வைத்து டோக்கன் கொடுத்ததாலும் செத்தாள். அவன் இங்கேதான் நிற்கிறான்.

சரி, அழுதது போதும். சினேகா, கண்ணைத் துடைத்துக்கொள் தாயி. மாமா இனிமேல் சொல்லப் போவதை நீ நன்றாகக் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தேனியில், தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. இந்த டோக்கன் மோசடி பற்றி நாகஜோதி உயிரோடு இருந்தபோது கொடுத்த மனுதான். நான் போகிறேன். எந்த வருடம் யாருக்கு எந்த நம்பர் கொடுத்தேன், யார் சொல்லிக் கொடுத்தேன், எதற்காகக் கொடுத்தேன் என்று என் வாயால் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கும் தண்டனை உண்டென்றால் வாங்கிக்கொள்கிறேன். நேற்று ராத்திரி லிங்கேஸ்வரனைக் கூப்பிட்டு, "ஒன் வேலை போயிரும்டா" என்றேன். அவன், "எனக்கு மட்டும் என்னப்பா, அஞ்சு டோக்கன் மாத்தியாச்சு. நீங்க போகலேன்னா நான் போறேன்" என்று சொல்லிவிட்டான். மருமகள் அனுசுயா மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள். கையில் ஆறு மாதப் பிள்ளை. அவளுடைய பயம் எனக்குத் தெரியும். உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்தப் பயம் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவில்லை.

தோழர் நாகஜோதிக்கு என் அஞ்சலி இந்தச் சாட்சிதான். நான்கு வருடம் பிந்திவிட்டது. அவள் இருக்கும்போது செய்திருந்தால் அவள் கேட்டிருப்பாள். இப்போது நீங்கள்தான் கேட்க வேண்டும்.

என் சாட்சி மட்டும் போதாது. அடுத்த திங்கட்கிழமை ஆயுத பூஜை. வேன் வராவிட்டால் நவாஸ் தம்பி மூன்று லோடு வண்டிக்கு ஏற்பாடு செய்திருக்கிறார், கர்ணனின் வண்டியும் வரும். 2019 மாதிரி யாரும் நடுவழியில் நிற்க வேண்டியதில்லை. பூஜைக்குப் போங்கள். உங்கள் மிஷினுக்கு நீங்களே பொட்டு வையுங்கள். பூஜை முடிந்ததும் வரிசையில் நிற்கச் சொல்வார்கள். நான் பதினைந்து வருடம் உட்கார்ந்த மேசைக்குப் பின்னால் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். புது டோக்கனை உங்கள் பக்கம் நீட்டுவார். அவரும் பிள்ளை குட்டிக்காரர். அவரைத் திட்டாதீர்கள், மேசையைத் தட்டாதீர்கள், ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

கையை மட்டும் நீட்டாதீர்கள்.